வெல்டின் உள்பக்கம்

எஸ்.எஸ். பைப் வெல்டர்கள், ஃபேப்ரிகேஷன் ஒப்பந்ததாரர்கள், ஆலைப் பராமரிப்புப் பொறியாளர்கள் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



உங்கள் அனைவருக்கும் பழக்கமான ஒரு புகாரிலிருந்தே தொடங்குகிறேன். புதிதாக எஸ்.எஸ். லைன் போட்டு ஆறேழு மாதம்தான் ஆகியிருக்கும். ஒரு ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் ஈரம் கசிகிறது. துடைத்துப் பார்த்தால் குண்டூசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை, அதைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை. உடனே எழும் பேச்சு, "மெட்டீரியல் டூப்ளிகேட் சார்" என்பதுதான். பைப் கொடுத்த கடைக்குப் போன் பறக்கிறது. ஸ்பெக்ட்ரோ மெஷின் வருகிறது. வைத்துப் பார்த்தால் குரோமியம் சரியாக இருக்கிறது, நிக்கல் சரியாக இருக்கிறது, மாலிப்டினமும் இருக்கிறது. சர்டிஃபிகேட்டில் போட்டிருக்கிற அதே 316எல். அடுத்து எக்ஸ்ரே ஃபிலிமைத் தேடி எடுக்கிறார்கள். அந்த ஜாயின்ட் பாஸ் ஆகியிருக்கிறது. பைப்பும் சரி, வெல்டும் சரி, ஆனாலும் ஓட்டை விழுந்திருக்கிறது.

வெல்ட் பலமாக இருப்பது ஒரு குணம், அரிப்பைத் தாங்குவது இன்னொரு குணம். நாம் வழக்கமாகச் செய்கிற சோதனைகளில் பெரும்பாலானவை முதல் குணத்தை மட்டுமே கேட்கின்றன. எக்ஸ்ரே, உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறதா, ரூட் முழுதாக உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும். பெண்ட் டெஸ்ட், வளைத்தால் விரிகிறதா என்று பார்க்கும். உலோகத்தின் மேற்பரப்பில் சில நானோமீட்டர் கனத்துக்குள் என்ன நடந்திருக்கிறது என்று இரண்டுமே சொல்லாது. எஸ்.எஸ். பைப்பின் ஆயுளோ அந்தச் சில நானோமீட்டரில்தான் இருக்கிறது. அதைக் காப்பதும் கெடுப்பதும் வெல்டரின் கையில் இருக்கிறது என்பார்கள். அந்தக் கைக்கு நாம் கொடுக்கிற நேரத்திலும் வாயுவிலும் கூலிக் கணக்கிலும்தான் அது அதிகமாக இருக்கிறது என்று நான் சொல்ல வந்திருக்கிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல்களுக்கு ஏற்ற எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது உருக்கிய குரோமிய எஃகு அமிலத்துக்கு அசையாமல் நின்றதைக் கவனித்தார். இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால், மேற்பரப்பில் குரோமிய ஆக்சைடு படலம் ஒன்று தானாகவே உருவாகும். கண்ணுக்குத் தெரியாத கனம்தான், ஆனால் அது தண்ணீரையும் ஆக்சிஜனையும் கீழே உள்ள இரும்பிடம் போகவிடாது. கீறினால் மறுபடியும் வளர்ந்து மூடிக்கொள்ளும். அப்படி வளர இரண்டு விஷயங்கள் வேண்டும். படலத்துக்கு அடியில் உள்ள உலோகத்தில் போதுமான குரோமியம் இருக்க வேண்டும், மேற்பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். வெல்டிங் இந்த இரண்டையும் கெடுக்கக்கூடியது.

எஸ்.எஸ். வெப்பத்தை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். மைல்டு ஸ்டீல் வெப்பத்தைக் கடத்துகிற வேகத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 304க்கும் 316க்கும். அதே நேரத்தில் சூடானால் மைல்டு ஸ்டீலைவிட ஒன்றரை மடங்கு விரியும். ஆகவே ஆர்க் கொடுக்கிற சூடு சீக்கிரம் பரவிப் போகாமல் ஜாயின்ட்டைச் சுற்றியே தேங்கி நிற்கிறது. விரிந்த உலோகம் சுருங்கும்போது பெரிய இழுவிசையை உள்ளே விட்டுவிட்டுப் போகிறது. மைல்டு ஸ்டீலில் கை பழகிய வெல்டர் அதே ஆம்பியர், அதே வேகத்தில் எஸ்.எஸ்.ஸில் ஓட்டினால் பைப் வேறு விதமாக நடந்துகொள்வது இதனால்தான்.

கணக்கு கடினமானதல்ல. 12 வோல்ட், 100 ஆம்பியர், டார்ச் நிமிடத்துக்கு 60 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்துக்கும் 1.2 கிலோஜூல் வெப்பம் இறங்குகிறது. வேகம் பாதியானால் அது 2.4 ஆகிவிடும். ஆம்பியரைத் தொடவே இல்லை, கை மெதுவானது, அவ்வளவுதான். இதனோடு இன்டர்பாஸ் டெம்பரேச்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பாஸ் ஆறுவதற்குள் அடுத்ததை ஏற்றினால் சூடு மேல் சூடாகக் குவிகிறது. 150 அல்லது 175 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிய பிறகே அடுத்த பாஸ் என்று வெல்டிங் நடைமுறைத் தாள்களில் எழுதியிருப்பது காகிதத்தை நிரப்புவதற்காக அல்ல.

இந்தச் சூடு எங்கே பழுது செய்கிறது என்பதற்குக் கார்பனின் கதையைச் சொல்ல வேண்டும். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தத் துறை மிகுந்த விலை கொடுத்துக் கற்ற பாடம் இது.

எஃகு சின்னச் சின்னப் படிக மணிகளால் ஆனது. மணிக்கும் மணிக்கும் இடையே எல்லைகள் உண்டு. சுமார் 425 முதல் 870 டிகிரி வரையிலான வெப்பத்தில் எஸ்.எஸ். சிறிது நேரம் இருக்க நேர்ந்தால், கரைந்து கிடக்கும் கார்பன் அந்த எல்லைகளுக்கு ஓடிவந்து குரோமியத்தோடு சேர்ந்து குரோமியம் கார்பைடாகிவிடும். இருபத்துமூன்று குரோமிய அணுக்களுக்கு ஆறு கார்பன் அணுக்கள் என்பது அதன் விகிதம். எடையில் பார்த்தால் ஒரு பங்கு கார்பன் ஏறத்தாழ பதினாறரைப் பங்கு குரோமியத்தைப் பிடித்துக்கொள்கிறது. 304இல் 0.06 சதவீதம் கார்பன் இருக்கிறது என்றால், முழுவதும் கார்பைடானாலும் போவது ஒரு சதவீதக் குரோமியம்தான். பதினெட்டு பதினேழாவதால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு சதவீதம் எல்லா இடத்திலிருந்தும் சமமாக எடுக்கப்படுவதில்லை. குரோமியம் மெதுவாக நகரும் அணு. மணியின் நடுவிலிருந்து வந்துசேர அதற்கு நேரமில்லை. ஆகவே எல்லையை ஒட்டிய மெல்லிய பட்டையிலிருந்தே முழுதும் உறிஞ்சப்படுகிறது, அங்கே குரோமியம் 12 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. மணிகள் துருப்பிடிக்காத எஃகாகவே இருக்கின்றன, எல்லைகளில் மட்டும் பாதுகாப்பு போய்விட்டது. செங்கல் அப்படியே இருக்க, இடையில் உள்ள சாந்து மட்டும் கரைந்துபோன சுவர் போலப் பைப் உதிரும்.

இந்த நிலைக்கு சென்சிடைசேஷன் என்று பெயர். நடுவெல்டில் இது வராது, அங்கே உலோகம் உருகி வேகமாக உறைந்துவிடுகிறது. வெல்டிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, உருகாமல் சூடு மட்டும் ஏறி இறங்கிய பகுதியில் வரும். அதனால்தான் அரிப்பு ஜாயின்ட்டில் இல்லாமல் அதற்கு இரு பக்கமும் இணைகோடுகளாக ஓடுகிறது. பழைய எஸ்.எஸ். டேங்க்குகளில் வெல்டை ஒட்டி ஆணியால் கோடு கிழித்ததுபோல இருப்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். 1974 செப்டம்பரில் இல்லினாய் மாநிலத்தின் டிரெஸ்டன் அணுமின் நிலையத்தில், இரண்டாவது உலையின் சுழற்சிப் பைப்புகளுக்கான 4 இஞ்ச் பைபாஸ் லைன்களில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பைப்புகள் 304. விரிசல்கள் வெல்டுக்குப் பக்கத்தில், உள்பக்கத்தில் தொடங்கி, மணி எல்லைகளைப் பிடித்து வெளியே வந்திருந்தன. அதே கொதிநீர் வகை உலைகளை நிறுத்திச் சோதிக்க உத்தரவு போனது. குவாட் சிட்டிஸ், மில்ஸ்டோன் நிலையங்களிலும் விரிசல்கள் இருந்தன. உள்ளே ஓடியது அமிலம் அல்ல, உப்பு நீர் அல்ல. அதிசுத்தமான தண்ணீர். ஏறத்தாழ 288 டிகிரி வெப்பம், அதில் பத்து லட்சத்தில் 0.2 பங்கு அளவுக்கே ஆக்சிஜன். குரோமியம் இழந்த எல்லைகளும், வெல்டிங் விட்டுப்போன இழுவிசையும், அந்தச் சொற்ப ஆக்சிஜனும் ஓரிடத்தில் சேர்ந்ததால் பைப்பில் விரிசல் விட்டது. மூன்றில் ஒன்று இல்லாமல் இருந்தால் விரிசல் வந்திருக்காது.

சிறிய விட்டப் பைப்புகளில்தான் இது வரும், பெரியவற்றில் இழுவிசை வேறு விதமாகப் பரவுவதால் பயமில்லை என்று சில காலம் நம்பினார்கள். 1982இல் நியூயார்க் மாநிலத்தின் நைன் மைல் பாயின்ட் முதல் உலையில் 28 இஞ்ச் விட்டமுள்ள சுழற்சிப் பைப்புகளிலேயே விரிசல்கள் தெரிந்தன. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவை போட வேண்டியதாயிற்று. மகாராஷ்டிரத்தில் 1969இல் மின் உற்பத்தி தொடங்கிய தாராப்பூரின் முதல் இரண்டு உலைகளும் இதே கொதிநீர் வகையைச் சேர்ந்தவை. ஆகவே இது நமக்கு வெகுதூரத்துக் கதை அல்ல.

அதன் பிறகு வந்த தீர்வுகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் மூன்றில் ஒன்றைப் பிடித்து இழுக்கிறது. மாலிப்டினம் உள்ள 316இல் கார்பனை 0.02 சதவீதத்துக்குள் அடக்கி, அதனால் குறையும் பலத்தை நைட்ரஜன் சேர்த்து ஈடுகட்டிய ரகம் வந்தது. ஆக்சிஜனை அடக்கத் தண்ணீரில் ஹைட்ரஜன் கலந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது வெல்டிங்கையே மாற்றிய முறை. ரூட் பாஸ் முடிந்ததும் பைப்புக்குள் தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே மேல் பாஸ்களைப் போட்டார்கள். உள்சுவர் குளிர்ந்தே இருப்பதால் அங்கே கார்பைடு உண்டாக நேரம் கிடைப்பதில்லை. கடைசியில் வெளிச்சுவர் சுருங்கும்போது உள்சுவர் அமுக்கப்பட்ட நிலையில் நிற்கிறது. அமுங்கிய உலோகத்தில் விரிசல் திறக்காது. அதே உலோகம், அதே வெல்டர், அதே ராட், வெப்பம் போகும் பாதையை மட்டும் மாற்றினார்கள்.

கல்பாக்கத்திலும் இதே சிந்தனை உண்டு. அங்கே முன்மாதிரி வேக ஈனுலையின் பிரதான கலத்துக்கு 316எல்என் என்ற குறைந்த கார்பன், நைட்ரஜன் சேர்த்த ரகத்தை எடுத்தார்கள். உலைக்குள் இருப்பது திரவ சோடியம், அது காரணமல்ல. கலத்தைக் கட்டுகிற காலத்தில் கடற்கரையின் உப்புக்காற்று வெல்டுகளைத் தொடும். சென்சிடைஸ் ஆன வெல்டை உப்புக்காற்று விரிசலாக்கிவிடும். இயக்கத்துக்கு முன்பே, கட்டும்போதே வரக்கூடிய பழுதை எண்ணி ரகத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் ஸ்பூல்களை வெட்டவெளி யார்டில் அடுக்கி வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நம்மைப் போன்ற சாதாரண ஆலைகளைக் காப்பாற்றியது வேறொரு மாற்றம். 1954இல் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் வில்லியம் கிரிவ்ஸ்கி, உருகிய எஃகுக்குள் ஆக்சிஜனோடு ஆர்கானைக் கலந்து ஊதினால் குரோமியத்தை எரிக்காமல் கார்பனை மட்டும் எரித்து வெளியேற்றலாம் என்று கண்டார். 1960களின் இறுதியில் இண்டியானாவின் ஃபோர்ட் வேன் நகரில் ஜோஸ்லின் ஆலை அதை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அதுவரை விலை கூடிய சரக்காக இருந்த எல் கிரேடு, அதாவது கார்பன் 0.03 சதவீதத்துக்குள் உள்ள 304எல்லும் 316எல்லும், சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கத் தொடங்கின. பழைய 304 சென்சிடைஸ் ஆகச் சில நிமிடங்கள் போதும். எல் கிரேடுக்குப் பல மணி நேரம் வேண்டும். ஒழுங்காகப் போட்ட எந்த வெல்டும் அவ்வளவு நேரம் சூடாக இருப்பதில்லை.

ஆகவே உங்கள் ஆலையில் எல் கிரேடு போட்டும் ஓட்டை விழுகிறது என்றால், பெரும்பாலும் குற்றவாளி கார்பன் அல்ல. பைப்பின் உள்பக்கத்தில் ஆர்கான் போகாத இடத்தில் தேட வேண்டும்.

இந்த மேசைமேல் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த ஒரு 2 இஞ்ச் பைப் இருக்கிறது. வெளிப்பக்கம் பாருங்கள். அலை அலையாக, ஒரே சீராக, மீன் செதில் அடுக்கியதைப்போல அருமையான கேப்பிங். நல்ல கை. இப்போது உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறேன். ரூட் கருத்து, பொரிந்து, விரலால் தடவினால் நெருடுகிறது. வெல்டர்கள் இதை சுகரிங் என்பார்கள். அதிலிருந்து தள்ளிப் போகப்போகச் சாம்பல், அடர்நீலம், ஊதா, செம்பு நிறம், பொன்மஞ்சள், கடைசியில் லேசான வைக்கோல் நிறம். பார்க்க அழகாகவே இருக்கிறது. ஒவ்வொரு நிறமும் ஆக்சைடு படலத்தின் ஒவ்வொரு கனம். சூடான உலோகத்தைக் காற்று தொட்டபோது, மெல்லிய பாதுகாப்புப் படலத்துக்குப் பதிலாகத் தடித்த, ஓட்டையும் விரிசலுமான படலம் வளர்ந்திருக்கிறது. அது வளரக் குரோமியம் தேவைப்பட்டது, அடியில் இருந்த உலோகத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டது. மேலே பாதுகாக்காத படலம், அடியில் குரோமியம் குறைந்த தோல். உப்பு கலந்த தண்ணீர் இதைத் தொட்டால் குழிவிழுதல் தொடங்க இதைவிடத் தோதான இடம் வேண்டாம். 316எல்லுக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய மாலிப்டினத்தை இந்த அரை அங்குலப் பட்டையில் வீணடித்துவிட்டோம்.

அதனால்தான் பர்ஜிங். பைப்புக்குள் இருக்கும் காற்றை ஆர்கானால் வெளியேற்றிவிட்டு வெல்ட் போடுவது. எல்லோருக்கும் தெரிந்த வேலைதான், எவ்வளவு செய்ய வேண்டும் என்பதில்தான் கோளாறு. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், அதாவது 2,10,000 பிபிஎம். ஒரு சதவீதமாகக் குறைத்துவிட்டோம் என்றால் பெரிய காரியம்போலத் தோன்றும். அது இன்னும் 10,000 பிபிஎம். வெல்ட் நிறமில்லாமலோ வெறும் வைக்கோல் நிறத்திலோ வர வேண்டுமானால் 50 பிபிஎம்முக்குள் இறங்க வேண்டும். அமெரிக்க வெல்டிங் சங்கம் 1999இல் வெளியிட்ட வண்ண அட்டை ஒன்று உண்டு. 10 பிபிஎம் தொடங்கி 25,000 பிபிஎம் வரை பத்து நிலைகளில் எஸ்.எஸ். டியூபின் உட்புறம் எப்படி நிறம் மாறுகிறது என்று படம் போட்டிருக்கிறார்கள். உணவு, மருந்து ஆலை வேலை எடுக்கும் ஒவ்வொருவரும் அதை வொர்க்‌ஷாப் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். எத்தனையாவது படம் வரை ஏற்றுக்கொள்வது என்று வாடிக்கையாளரோடு முன்கூட்டியே பேசி முடித்துவிட்டால் பிறகு சண்டைக்கே இடமில்லை.

நேரக் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன். மெல்லிய சுவருள்ள 4 இஞ்ச் பைப்பில் ஒரு மீட்டருக்கு ஒன்பது லிட்டருக்குச் சற்று அதிகமாகக் காற்று இருக்கும். மூன்று மீட்டர் ஸ்பூலின் இரு முனையையும் அடைத்துவிட்டு ஆர்கான் விட்டால், ஆறு மடங்கு அளவாவது போக வேண்டும், கிட்டத்தட்ட 165 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் வைத்தால் பதினோரு நிமிடம். அதே ஸ்பூலில் ஜாயின்ட்டுக்கு இரு பக்கமும் பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி, தண்ணீரில் கரையும் காகிதத்தால் இரண்டு தடுப்பு வைத்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். லைன் முடிந்ததும் தண்ணீர் விட்டால் காகிதம் கரைந்து போய்விடும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. கீழிருந்து விட்டு மேலே காற்று வெளியேற வழி வைக்க வேண்டும், தலைகீழாகச் செய்தால் இரண்டும் கலந்து எவ்வளவு விட்டாலும் சுத்தமாகாது. வேகமாகத் திறந்துவிட்டாலும் அதே கலப்புதான். டேக் வைக்கும்போதே பர்ஜ் வேண்டும். பலர் டேக்கைச் சும்மா வைத்துவிட்டு ரூட்டுக்கு மட்டும் ஆர்கான் விடுகிறார்கள், அந்தக் கருத்த டேக் மேலேதான் ரூட் ஏறுகிறது. ரூட் முடிந்தவுடன் வால்வை மூடுவதும் தவறு. இரண்டாவது பாஸின் சூட்டில் ரூட்டின் உள்முகம் மறுபடி செந்தணலாகிறது, அப்போது அங்கே காற்று இருந்தால் முதலில் எடுத்த பாடெல்லாம் போயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆக்சிஜன் மீட்டர். லைட்டர் வைத்து அணைகிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆக்சிஜன் 15, 16 சதவீதத்துக்குக் குறைந்தாலே நெருப்பு அணைந்துவிடும். அது 50 பிபிஎம்மைப் பற்றி எதுவும் சொல்லாது. இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய விட்டப் பைப்புக்குள், டேங்குக்குள் ஆர்கான் நிறைந்திருக்கும்போது யாரும் தலையை விடக் கூடாது. வாசனை கிடையாது, மூச்சு முட்டுவதே தெரியாது, ஓரிரு மூச்சில் நினைவு போய்விடும்.

இப்படிக் கருத்துப்போன ரூட்டை ஹைட்ரோ டெஸ்ட் இன்னும் மோசமாக்குகிறது. 1976இல் டூபான்ட்டில் பணியாற்றிய கோப்ரின் என்ற பொறியாளர் எழுதிய கட்டுரை எங்கள் துறையில் மிகவும் பேசப்பட்டது. 304எல், 316எல் பைப்புகளைக் கிணற்றுத் தண்ணீரால் ஹைட்ரோ டெஸ்ட் செய்துவிட்டு, தண்ணீரை வடிக்காமல் விட்டுவிட்டார்கள். ஆலை ஓடத் தொடங்கும் முன்பே, சில மாதங்களில் வெல்டுகள் ஒழுகின. தண்ணீரில் இருந்த பாக்டீரியா வெல்டின் மேல் இரும்பும் மாங்கனீசும் கலந்த சின்ன மேடுகளைக் கட்டி, அதனடியில் குளோரைடைக் குவித்துக் குழி தோண்டியிருந்தது. வாய் ஊசித்துளை, உள்ளே விரிந்த குகை. சாதாரணத் தண்ணீர், உயர்ந்த ரக எஃகு, அசையாமல் தேங்கிய சில மாதங்கள். நம் ஊரில் ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு எந்தத் தண்ணீர் எடுக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்து போர்வெல், இல்லாவிட்டால் டேங்கர் லாரி. குளோரைடு 50 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது என்று பல பெரிய நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. கடலோர மாவட்டங்களின் போர்வெல்லில் பல நூறு இருப்பது சர்வசாதாரணம். டெஸ்ட் முடிந்த அன்றே வடித்து, தாழ்வான இடங்களில் தேங்கியதையும் ஊதி வெளியேற்றி, காயவைக்க வேண்டும். "கமிஷனிங் அடுத்த மாதம்தானே, தண்ணீர் கிடக்கட்டும்" என்பது எஸ்.எஸ். லைனுக்குச் செய்யும் பெருங்கேடு.

எதிர்பாராத இடத்திலிருந்து வருகிற ஒரு சிக்கலையும் சொல்ல ஆசைப்படுகிறேன், அது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. கந்தகம் எஃகில் குறையக் குறைய நல்லது என்பது பொது விதி. மாங்கனீசு சல்ஃபைடு துணுக்குகளில்தான் குழிகள் முளைக்கும். ஆனால் கந்தகம் மிகமிகக் குறைந்த 316எல் டியூபை வெல்ட் போட்டால் ரூட் எட்ட மாட்டேன் என்கிறது. வெல்ட் குட்டை அகலமாகப் பரந்து ஆழமில்லாமல் நிற்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஹைப்பிள், ரோப்பர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை, சுத்தமான எஃகில் சூடு கூடக்கூடக் குறைகிறது. ஆகவே உருகல் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுகிறது. துளி கந்தகம் இருந்தால் திசையே மாறிவிடும், ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து கீழ்நோக்கி இறங்குகிறது, பெனட்ரேஷன் கிடைக்கிறது. மருந்து ஆலை டியூப்களுக்குக் கந்தகத்தை 0.005 முதல் 0.017 சதவீதத்துக்குள் கட்டிவைத்திருப்பது இதனால்தான். ஆர்பிட்டல் வெல்டிங் செய்கிறவர்களுக்கு ஒரு டியூபில் கந்தகம் அதிகம், எதிர் டியூபில் குறைவு என்றால் தொல்லை. குட்டை குறைந்த பக்கத்துக்கு ஒதுங்கிக்கொள்ளும். எதிர்ப்பக்க ரூட்டில் உருகாத இடுக்கு ஒன்று நிற்கும். அந்த இடுக்கில் தேங்கும் தண்ணீர் குழி தோண்டும். டியூப் வாங்கும்போது ஹீட் நம்பரைப் பார்த்து ஜோடி சேருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

டூப்ளெக்ஸ் எஃகு பற்றி ஓரிரு வார்த்தை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் அது நிறைய வருகிறது. அதில் வேகமாக ஆறினால் ஃபெரைட் கூடிப் பாதுகாப்பு குறையும், மெதுவாக ஆறினால் சிக்மா என்ற நொறுங்கும் கட்டம் விளையும். ஆகவே வெப்பத்துக்கு மேல் வரம்பும் உண்டு, கீழ் வரம்பும் உண்டு. 304இல் பழகிய கை, குறைந்த சூடுதான் எப்போதும் நல்லது என்று நினைத்து டூப்ளெக்ஸில் இறங்கக் கூடாது.

வெல்டுக்குப் பிறகு சுத்தம் செய்வதில்தான் நல்ல வேலையும் கெட்டுப்போவதைப் பார்க்கிறேன். மைல்டு ஸ்டீலில் ஓடிய கிரைண்டிங் வீலையும் வயர் பிரஷ்ஷையும் எஸ்.எஸ்.ஸில் போட்டால் இரும்புத்துகள் அதில் பதிந்துவிடும். முதல் மழையிலேயே செந்நிறப் புள்ளிகள் தெரியும். பக்கத்து பேயில் மைல்டு ஸ்டீல் அறுக்கும் தீப்பொறி பறந்து விழுந்தாலும் இதேதான். எஸ்.எஸ்.ஸுக்குத் தனி இடம், தனி பிரஷ், தனி வீல் வேண்டும். நிறத்தைப் பிரஷ் போட்டு மினுக்கினால் கண்ணுக்கு மறையும், அடியில் உள்ள குரோமியம் குறைந்த தோல் அப்படியே இருக்கும். அதை எடுக்கப் பிக்லிங்தான் வேண்டும். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் சேர்ந்த அந்தப் பேஸ்ட் ஆக்சைடையும் கெட்ட தோலையும் கரைத்து எடுத்துவிடும், சுத்தமான பரப்பில் படலம் புதிதாக வளரும்.

ஆனால் அந்தப் பேஸ்ட்டை வெறும் கையில் தடவுகிற உதவியாளர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டவுடன் சில நேரம் எரிச்சல்கூடத் தெரியாது. உள்ளே ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அளவு கூடினால் இதயத்தை நிறுத்திவிடும். ஏற்ற கையுறை, முகத்தடுப்பு, பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல், ஓடும் தண்ணீர் இவை இல்லாத இடத்தில் டப்பாவையே திறக்கக் கூடாது. பைப்பின் தோலைக் காப்பாற்ற மனிதனின் தோலைக் கொடுக்க முடியாது. உள்பக்கம் கறுக்காமல் பர்ஜ் செய்துவிட்டால் எட்டாத உள்ரூட்டில் பிக்லிங் செய்யும் தேவையே பெரும்பாலும் எழாது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் தெரியாமலா நம் வெல்டர்கள் கறுத்த ரூட் போடுகிறார்கள்? நன்றாகத் தெரியும். நான் பேசிய வெல்டர்களில் பர்ஜின் அருமை தெரியாதவர் அரிது. நம் தொழிலில் கூலி இஞ்ச் டயா கணக்கு. 4 இஞ்ச் பைப்பில் ஒரு ஜாயின்ட் முடித்தால் நாலு இஞ்ச் டயா. தடுப்பு வைத்த நேரம், ஆர்கான் நிறையக் காத்திருந்த நேரம், இன்டர்பாஸ் சூடு இறங்கக் கை கட்டி நின்ற நேரம், இவை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. பொறுமையாகச் செய்தவருக்கு நாளின் முடிவில் இஞ்ச் டயா குறைவு, சம்பளமும் குறைவு. அவசரமாக ஓட்டியவருக்கு அதிகம். ஆர்கான் சிலிண்டர் செலவு ஒப்பந்ததாரர் தலையில், அவரும் வால்வைக் குறைக்கச் சொல்கிறார். எக்ஸ்ரே இருவரின் ஜாயின்ட்டையும் ஒரே மாதிரி பாஸ் செய்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்துக் கசியும்போது யார் போட்ட ஜாயின்ட் என்று கேட்பாரும் இல்லை. இந்தக் கணக்கு முறை இருக்கும்வரை வெல்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆலை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த எஸ்.எஸ். பைப்பிங் ஒப்பந்தத்தில் பர்ஜ் நேரத்தையும் இன்டர்பாஸ் காத்திருப்பையும் இஞ்ச் டயா விலைக்கு வெளியே தனி வரியாகப் போடுங்கள். ஆர்கானை நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஆக்சிஜன் மீட்டரின் அளவை ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் வெல்டரே எழுதிக் கையெழுத்திடட்டும். ஒவ்வொரு வெல்டரும் வேலை தொடங்கும் நாளில் ஒரு மாதிரி ஜாயின்ட் போட்டு, அதைப் பிளந்து உள்பக்கத்தை அவர் முன்னாலேயே பாருங்கள். லைன் போட்டு வரும்போது எந்த ஜாயின்ட்டையாவது எடுத்துக் குழாய் கேமரா விட்டுப் பாருங்கள், அந்த உரிமையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். 304 பழைய ரகமாகவே இருந்து மாற்ற முடியாத நிலை என்றால், ஒரு துண்டை வெட்டி ஆக்சாலிக் அமிலச் சோதனை செய்துகொள்ளுங்கள். பத்து சதவீதக் கரைசலில் ஒன்றரை நிமிடம் மின்சாரம் செலுத்தி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மணிகளைச் சுற்றிப் பள்ளம் ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இந்த ஒப்பந்த வரிகளை எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்காக ஒரு மாதிரித் தாள் தயாரித்து வந்திருக்கிறேன். வெளியே போகும்போது கதவருகில் இருக்கும் மேசையில் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வெல்டர்கள் யாருக்காவது கேள்வி இருந்தால் முதலில் அவர்களே கேட்கட்டும்.